இலக்கங்களுக்கு நடுவே கிடக்கும் கடல்

"கடலைப் படித்தவனுக்குப் படம் எதற்கு?" என்று கேட்பவர்கள் எங்கள் கரையில் அதிகம். "கையில் போன் இருக்கும்போது படம் எதற்கு?" என்று கேட்பவர்களும் இப்போது சேர்ந்துவிட்டார்கள். முதல் கேள்வி என் மாமனார் வயதுக்காரர்களுடையது. இரண்டாவது அவர்களுடைய பேரப்பிள்ளைகளுடையது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும் இரண்டும் போய் முட்டுகிற இடம் ஒன்றுதான். கடல் வரைபடம் நமக்கு உரியதல்ல. அது கடற்படைக்கும் துறைமுகத்துக்கும், திருகோணமலையில் வந்து நங்கூரமிடும் வெளிநாட்டுப் பாய்ப்படகுக்காரருக்கும் உரியது என்ற எண்ணம். இந்த எண்ணம் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

நான் கணித ஆசிரியன். மட்டக்களப்பில், கல்லடிக் கரையின் அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் உள்ள பாடசாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் திசைகோள் பாடம் நடத்துகிறேன். 'ஒரு கப்பலிலிருந்து பார்க்கும்போது வெளிச்சவீடு 060° திசைகோளில் தெரிகிறது' என்று வினா தொடங்கும். பிள்ளைகள் வடக்குக் கோட்டைக் கீறி, பாகைமானியை வைத்து, கோணத்தைச் சரியாக அளந்து விடை எழுதிவிடுவார்கள். அவர்களில் பலருடைய தகப்பன்மார் அன்று விடியற்காலையில் உண்மையான வெளிச்சவீட்டைப் பார்த்தபடிதான் கரை திரும்பியிருப்பார்கள். 1913 ஆம் ஆண்டு கட்டப்பட்ட 28 மீட்டர் உயரக் கோபுரம் முகத்துவாரத்தில் இன்றும் நிற்கிறது. பாடப்புத்தகத்து வெளிச்சவீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கோடு கீற வேண்டும் என்று எந்தப் பாடத்திட்டமும் சொல்வதில்லை. நானும் ஒரு கடல் வரைபடத்தைக் கையில் எடுத்துப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், எவ்வளவு பெரிய பொருளை வகுப்பறைக்கு வெளியே விட்டுவைத்திருக்கிறோம் என்று முழுமையாக உணர்ந்தேன்.

போர்க்காலத்தைச் சொல்லாமல் இதைக் கடந்துபோக முடியாது. கடலுக்குப் போகும் நேரத்துக்கும் தூரத்துக்கும் கட்டுப்பாடு இருந்த ஆண்டுகள் அவை. திசைகாட்டியும் படமும் வீட்டில் இருப்பது வீண் சந்தேகத்தை வரவழைக்கும் என்று பெரியவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் ஒரு தலைமுறைக்கு இந்தக் கல்வி கைமாறாமலே போய்விட்டது. பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. நாவலடியில் வீடுகளோடு வலைகளும் தோணிகளும் போயின. அவற்றை வைத்துக் கடலைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய பலரும் போனார்கள்.

ஊதா மை

எனக்குப் படத்தைத் தந்தவர் சித்தப்பா. வணிகக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். கப்பலின் பாதையைக் கீறுவதும் படங்களைத் திருத்தி வைப்பதும் வழக்கமாக அந்தப் பதவிக்குரிய பொறுப்பு. பழக்கம் விடாமல் அவர் வைத்திருந்த சுருள்களில் ஒன்று இலங்கையின் கிழக்குக் கரையைக் காட்டும், பிரித்தானிய அரசின் கடல் அளவை நிறுவனமான அட்மிரல்டி வெளியிட்ட படம். நிலம் மங்கிய மஞ்சள். நீர் வற்றினால் வெளியே தெரியும் இடம் பச்சை. ஆழம் குறைந்த கடல் நீலம், ஆழம் கூடிய கடல் வெள்ளை. நிலத்தில் ஊர்ப்பெயர்கள் குறைவு. கடலிலிருந்து கண்ணுக்குப் படுகிற கோபுரம், மலை, தேவாலயம், வெளிச்சவீடு ஆகியவை மட்டும் கவனமாக இடம்பிடித்திருக்கும். கரையில் நின்று பார்க்கிறவருக்காகக் கீறிய படமல்ல அது. கடலில் நின்று கரையைத் திரும்பிப் பார்க்கிறவருக்கானது.

சித்தப்பா முதலில் காட்டியது இடது கீழ்மூலையை. ஊதா மையில், பொடி எழுத்தில், ஆண்டும் எண்ணுமாக ஒரு வரிசை ஓடுகிறது. கடலோடிகளுக்கான அறிவித்தல் கிழமைக்கு ஒருமுறை வெளிவரும். ஏதோ ஒரு துறைமுகத்தில் விளக்கின் நிறம் மாறியிருக்கும், ஒரு மிதவை இடம் பெயர்ந்திருக்கும், ஒரு கப்பல் மூழ்கியிருக்கும். அதைப் படத்தில் கையால் திருத்திவிட்டு, அறிவித்தலின் எண்ணை அந்த மூலையில் பதிய வேண்டும். "அச்சடித்த ஆண்டைப் பார்க்காதே, கடைசியாகத் திருத்திய ஆண்டைப் பார்" என்றார். அவர் கப்பலை விட்டிறங்கிய ஆண்டோடு அந்த வரிசையும் நின்றுபோயிருந்தது. ஆகவே, இந்தப் படத்தை வைத்துப் படிக்கலாம், கப்பல் ஓட்டக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு.

படத்தின் ஓரத்தில் இன்னொரு சிறிய பெட்டி இருந்தது. எந்தப் பகுதியை எந்தக் காலத்தில் எவ்விதம் அளந்தார்கள் என்று காட்டும் பெட்டி. எங்கள் கரைக்கு முன்னால் உள்ள கடலின் ஒரு பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி அளந்தது என்று அதில் இருந்தது. அப்போது அதைப் படித்துவிட்டுக் கடந்துபோனேன். அதன் முழுப் பொருளும் கடலில்தான் விளங்கியது.

தூரம் அளக்கிற முறை ஒரு கணித ஆசிரியனுக்கு விருந்து. ஒரு பாகை அகலக்கோட்டை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு ஒரு கடல் மைல். அதாவது 1852 மீட்டர். இரு முனையும் ஊசியான கவராயத்தை இரண்டு இடங்களுக்கு நடுவே விரித்து, அப்படியே தூக்கிப் படத்தின் பக்கவாட்டு ஓரத்தில் வைத்தால் தூரம் வந்துவிடும். மேலேயும் கீழேயும் உள்ள நெடுங்கோட்டு அளவில் வைக்கவே கூடாது. துருவத்தை நோக்கிப் போகப் போக நெடுங்கோடுகள் ஒன்றையொன்று நெருங்குவதால் அந்த அளவு சுருங்கிக்கொண்டே போகும். இங்கிலாந்தின் தென்கரையில் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. மட்டக்களப்பு வடக்கு அகலக்கோடு 7 பாகை 43 இல் இருப்பதால் நமக்கு வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை. காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து விலகி நிற்கும் அளவும் இங்கே இரண்டு பாகை அளவில்தான். பூமியின் இந்தப் பகுதி, படம் பழகுகிறவனுக்குப் பெரிய சலுகைகள் தந்திருக்கிறது. நீர் ஏற்ற இறக்கமும் ஒரு மீட்டருக்கு உட்பட்டதே. ஐரோப்பியக் கரைகளில் வற்றுப்பெருக்குக் கணக்குக்கென்றே தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்கும்.

மட்டக்களப்புக்கு வெளியே, கரையிலிருந்து ஐந்து கடல் மைல் அளவில், புள்ளிகளால் கீறிய ஒரு நீள்வட்டம் உண்டு. மூழ்கிய கப்பலுக்கான குறியீடு. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட பிரித்தானியக் கப்பல். 307 பேர் அதோடு போனார்கள். ஐம்பது மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. இவ்வளவும் படத்தில் ஒரு சிறு நீள்வட்டம்.

பொச்சுத் துண்டும் மணிக்கூடும்

படித்ததைக் கடலுக்குக் கொண்டுபோகுமுன் வாவியில் பழகினேன். நண்பர் ஒருவரிடம் பாய் கட்டிய சிறிய வள்ளம் ஒன்று இருந்தது. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது. காலையில் நிலத்திலிருந்து கச்சான் வீசும். வெயில் ஏறியதும் கடற்காற்று திரும்பி எதிரே வரும். போகும்போது நேர்கோடாகப் போன வள்ளம் திரும்பும்போது காற்றை எதிர்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெட்டி வெட்டி வர வேண்டும். இயந்திரப் படகில் இருப்பவருக்குப் பாதை என்பது ஒரு கோடு. பாயில் போகிறவருக்கு அது ஒவ்வொரு திருப்பத்திலும் மறுபடி போடுகிற கணக்கு.

அந்தக் கணக்குக்கு வேண்டியவை மூன்று: எந்தத் திசை, என்ன வேகம், எவ்வளவு நேரம். வேகத்தை அறிய ஒரு பழைய வழி உண்டு. வள்ளத்தின் முன்முனையில் ஒரு தேங்காய்ப் பொச்சுத் துண்டைத் தண்ணீரில் போட்டு, அது பின்முனையைக் கடக்கும் நேரத்தைப் பார்ப்பது. பதினெட்டு அடி வள்ளத்தை அது நான்கு விநாடியில் கடந்தால் விநாடிக்கு நாலரை அடி. மணிக்கு ஒரு கடல் மைல் என்பது விநாடிக்கு 1.69 அடி. ஆகவே வேகம் மணிக்கு 2.7 கடல் மைல் அளவில். இந்த ஒரு கணக்கை வகுப்பில் சொன்ன நாளில், வழக்கமாகப் பின்வரிசையில் உறங்கிவழிகிற ஒரு பையன் எழுந்து, "சேர், நீரோட்டம் இருந்தால் பொச்சும் சேர்ந்துதானே போகும்?" என்று கேட்டான். வலைக்காரர் வீட்டுப் பிள்ளை. பல புத்தகங்கள் பக்கக்கணக்கில் விளக்குவதை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டான். தண்ணீர் மீது நாம் போகும் வேகம் வேறு, தரை மீது போகும் வேகம் வேறு. வாடை காலத்தில் எங்கள் கரையோரமாக நீர் தெற்கு நோக்கி ஓடுகிறது; பாயையும் திசைகாட்டியையும் மட்டும் நம்பிக் கணக்குப் போடுகிறவரை அது சத்தமில்லாமல் பொத்துவில் பக்கம் தள்ளிக்கொண்டே போகும். அதனால்தான் கணக்கை அடிக்கடி கரையைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. கரை தெரிகிற வரைக்கும் கரையே சாட்சி.

இரவில் அந்தச் சாட்சி வெளிச்சவீடு. கண்ணின் உயரத்துக்கும் விளக்கின் உயரத்துக்கும் வர்க்கமூலம் எடுத்து, இரண்டையும் கூட்டி, 2.08 ஆல் பெருக்கினால் விளக்கு அடிவானத்தில் தோன்றும் தூரம் கடல் மைலில் வரும். விளக்கு 28 மீட்டர் உயரத்தில், படகில் இருக்கிறவரின் கண் ஒன்றரை மீட்டரில் என்று வைத்துக்கொண்டால் பதின்மூன்றரை கடல் மைல். விளக்கின் பலம் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தூரமே கணக்கு. பைதகரசின் தேற்றத்தை இதைவிட அழகாகப் படிப்பிக்க எனக்கு வேறு வழி தெரியாது.

மாமாவின் குறிகள்

என் மனைவியின் தகப்பனார் நாவலடியில் பிறந்து, சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில் குடியேற்றப்பட்டவர். கடல் இப்போது அவருக்குத் தூரம். ஆனாலும் போகாமல் இருப்பதில்லை. இளவயதில் பாய்த்தோணியில் போனவர். அவர் மீன் தேடிப் போகும் இடங்கள் எல்லாம் குறிகளால் ஆனவை. ஒரு தேவாலயக் கோபுரத்தின் மேல் ஒரு மலை முனை வந்து பொருந்த வேண்டும். அதே நேரத்தில் தெற்கே இன்னொரு கோபுரமும் அதற்குப் பின்னால் நிற்கும் தொலைத்தொடர்புக் கம்பமும் ஒரே வரியில் நிற்க வேண்டும். இரண்டு வரிகளும் வெட்டும் இடத்தில் வலை. வானம் துப்புரவாக இருக்கிற விடியற்காலைகளில் மேற்கே குடும்பிமலை தெரியும். 534 மீட்டர் உயரமான அதைப் பழைய ஆங்கிலேயக் கடலோடிகளும் தூரத்து அடையாளமாகக் கொண்டு, பேரன்ஸ் கேப் என்று தங்கள் படத்தில் எழுதிவைத்தார்கள். மாமாவின் தகப்பனாரும் அதே மலையைப் பார்த்துத்தான் தோணியைத் திருப்பியிருக்கிறார்.

திசைகாட்டியால் எடுக்கும் திசைகோளைவிட இந்தக் குறிவரி துல்லியமானது என்பது கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஆடுகிற படகில் நின்று கையில் பிடிக்கிற திசைகாட்டியில் ஐந்து பாகை பிசகுவது சாதாரணம். இயந்திரத்தின் இரும்புக்குப் பக்கத்தில் நின்றால் ஊசி இன்னும் விலகும். நான்கு கடல் மைல் தூரத்தில் ஐந்து பாகை என்பது அறுநூறு மீட்டருக்கும் மேல். மூன்று பொருள்களுக்குத் திசைகோள் எடுத்து மூன்று கோடு கீறினால், அவை ஒரு புள்ளியில் வெட்டுவது அபூர்வம். ஒரு முக்கோணம்தான் கிடைக்கும். அந்த முக்கோணம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு நம் அறியாமை. ஒன்றன் பின்னால் ஒன்று நிற்கும் இரண்டு பொருள்களுக்கோ ஊசி தேவையில்லை. படகு ஒரு சிறிது விலகினாலும் கோபுரத்தை விட்டுக் கம்பம் பிரிந்துவிடும். உலகமெங்கும் துறைமுக வாசல்களில் முன்னும் பின்னுமாக இரண்டு விளக்குகளை நாட்டி வைத்திருப்பது இந்த ஒரே காரணத்துக்காகத்தான். 'அனுபவ அறிவு, ஆனால் அறிவியல் அல்ல' என்று கடற்றொழிலாளரின் அறிவைப் பற்றிப் படித்தவர்கள் பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. மாமா செய்வது வடிவ கணிதம். அதை எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சித்திரை மாதத்தில், கடல் படிந்து கிடந்த ஒரு காலையில், படத்தையும் ஈயக்குண்டையும் எடுத்துக்கொண்டு மாமாவுடன் போனேன். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அந்தக் காலத்துக் கப்பல்களில் அதற்குள் கொழுப்பு அடைத்து இறக்குவார்கள்; தரையில் இருப்பது அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். படத்தில் ஆழ இலக்கங்களுக்குப் பக்கத்தில் மணல், சேறு, சிப்பி, பவளம், பாறை என்று ஒற்றை எழுத்தில் எழுதியிருப்பது இப்படி வந்த செய்திதான். நாங்கள் கொழுப்புக்குப் பதிலாகச் சவர்க்காரத்தை அடைத்திருந்தோம். கயிற்றில் பாகத்துக்கு ஒன்றாக மாமா துணி முடிந்திருந்தார். கையை விரித்தால் ஒரு பாகம்; மீட்டருக்கு மாறுமுன் ஆங்கிலேயப் படங்களும் கடலை ஆறு அடிக்கணக்கில், அதே கைவிரிப்பில்தான் அளந்தன.

கரை தாழ்ந்து, கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் பக்கமெல்லாம் ஒரு கீற்றாகிவிட்ட தூரத்தில் மாமா இயந்திரத்தை நிறுத்தினார். நான் வெளிச்சவீட்டுக்கும் இரண்டு கோபுரங்களுக்கும் திசைகோள் எடுத்துக் கோடு கீறினேன். சிறிய முக்கோணம் ஒன்று விழுந்தது. மாமா குனிந்து படத்தைப் பார்த்தார்.

"மருமகன், நாங்கள் நிற்கிற இடத்தில் இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"ஒன்றும் எழுதவில்லை மாமா. இந்தப் பக்கம் முப்பத்துமூன்று மீட்டர், அந்தப் பக்கம் முப்பத்தாறு. இரண்டிலும் மணல் என்று இருக்கிறது. நடுவில் வெள்ளை."

"குண்டை இறக்குங்கள்."

கயிறு கைவழியே ஓடியது. பதினோராவது துணி விரலைத் தாண்டியதும் தொய்ந்துவிட்டது. ஏறத்தாழ இருபது மீட்டர். இழுத்து எடுத்துப் பார்த்தேன். சவர்க்காரத்தில் ஒரு மணல்கூட ஒட்டவில்லை. கூரான எதிலோ குத்துப்பட்ட தழும்பு, அதன் விளிம்பில் நகக்கண் அளவு வெள்ளைப் பவளத் துணுக்கு. மாமா அதை விரலால் நிமிண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "அப்பா காட்டிய பார் இது. அவருக்கு அவருடைய அப்பா காட்டியிருப்பார்" என்றார். பார் என்பது கடலடியில் மேடாகக் கிடக்கும் பாறைத்திட்டு.

சித்தப்பாவின் படத்து மூலையில் இருந்த அந்தச் சிறிய பெட்டி அப்போதுதான் பேசத் தொடங்கியது. ஈயக்குண்டு தொடுகிற தரை ஓர் உள்ளங்கை அகலம். அளக்க வந்த கப்பல் ஒரு வரியில் போகும்; போட்ட இடத்தில் போடும்; அடுத்த வரிக்குத் திரும்பும். இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு பார் கிடந்தால் அது யாருக்கும் தெரியாது. ஒலியால் ஆழம் அளக்கும் கருவி வந்த பிறகுகூடக் கப்பலுக்கு நேர்க்கீழே உள்ள ஒரு கோடுதான் கிடைத்தது. அகலமான பட்டையாகத் தரை முழுவதையும் தடவிப் பார்க்கும் கருவி மிகப் பிந்தி வந்தது. உலகக் கடல்களின் பெரும்பகுதியை அது இன்னும் எட்டவில்லை. ஆகவே படத்தின் வெள்ளை, ஆழம் என்று சொல்லவில்லை. இங்கே யாரும் குண்டு போடவில்லை என்றுதான் சொல்கிறது. அந்த நேர்மை எனக்குப் படத்தின் மீது மதிப்பைக் கூட்டியது. போனில் ஓடும் படத்தில் அந்தப் பெட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சில செயலிகளில் அதுவும் கிடையாது. நீல நிறம் வழுவழுப்பாக விரிந்து, எல்லாம் அளந்து முடிந்துவிட்டது போன்ற நிம்மதியைத் தருகிறது. போன் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும்; காலுக்குக் கீழே இருப்பதை எப்போதோ ஒருவர் அளந்திருந்தால்தான் சொல்லும். அச்சுப்படங்களை நிறுத்தப்போவதாக அட்மிரல்டி 2022 இல் அறிவித்து, பிறகு அந்தக் கெடுவை 2030 க்கு அப்பால் தள்ளிவைத்திருக்கிறது. தாள் போகட்டும். யார், எப்போது, எப்படி அளந்தார்கள் என்ற கேள்வி போகக் கூடாது.

யாருக்குச் சொல்வது

'பார்த்தீர்களா, உங்கள் படம் பிழை' என்று மாமா சொல்லவில்லை. அவர் கேட்டது வேறு: "இதைக் கீறியவர்களுக்கு இந்த இடத்தைச் சொல்ல வழி இருக்கிறதா?"

இருக்கிறது. கடலில் எவர் எதைக் கண்டாலும் எழுதி அனுப்பலாம் என்று அட்மிரல்டி ஒரு படிவமே வைத்திருக்கிறது, எச்.102 என்பது அதன் எண். கப்பல் தலைவர் மட்டுமல்ல, சின்னஞ்சிறு பாய்ப்படகில் போகிறவரும் அனுப்பலாம். ஆனால் அது சில கேள்விகள் கேட்கும். இடம் என்ன, அதை எப்படிக் கண்டீர்கள், எந்த நேரம், எதனால் அளந்தீர்கள், எந்த அடிப்படையில் அமைந்த அகலக்கோடு நெடுங்கோடு. கடைசிக் கேள்வி அலங்காரத்துக்கு அல்ல. இலங்கையின் பழைய நில அளவை அடிப்படையில் கீறிய படத்தில் ஜிபிஎஸ் தரும் இலக்கங்களை அப்படியே குறித்தால் இருநூறு மீட்டர் அளவில் தள்ளிப்போய் நிற்போம். மூன்று தலைமுறை அறிவு அந்தப் படத்துக்குள் நுழைய ஒரேயொரு வாசல்தான் இருக்கிறது. அந்த வாசலைத் திறப்பது நான் சாதாரண தரத்தில் படிப்பிக்கிற திசைகோள். படகில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் என் தொழிலைப் பற்றி எனக்கு வந்த பெருமை இதற்கு முன் வந்ததில்லை.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். நெடுநேரம் யோசித்தார். பிறகு, "இது வேண்டாம் மருமகன்" என்றார். இருபது மீட்டர் தண்ணீருக்குக் கீழே கிடக்கிற பாரால், கரைக்கு இவ்வளவு அண்மையில் எந்தக் கப்பலுக்கும் ஆபத்து இல்லை. படத்தில் ஏறினால் நாளைக்கே ஊரிலுள்ள படகெல்லாம் அங்கே நிற்கும். இரண்டு மாரிக்கு நடுவே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிற இடம் அது. எனக்கு அவர் சொன்னது சரியாகவே பட்டது. அறிவை மறைத்துவைப்பது தவறு என்று மேடையில் பேசுவது எளிது. சோற்றுக்கான அறிவுக்கும் உயிருக்கான அறிவுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பாரை அனுப்பவில்லை. இந்தக் கட்டுரையிலும் அதன் குறிகளை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

உயிருக்கான அறிவு எது என்பதையும் அவரே சொன்னார்: "வாயை எழுதுங்கள்." முகத்துவாரத்து ஆற்றுவாயைச் சொன்னார். மாரியில் வாவி நிறைந்து வாய் திறக்கும், அல்லது வெட்டித் திறப்பார்கள். கோடையில் மணல் வந்து மூடும். திறந்த புதிதில் வெளியே பாயும் வெள்ளமும் உள்ளே வரும் அலையும் மோதுகிற இடத்தில் மணல்திட்டு கிழமைக்குக் கிழமை நகரும். அதை அச்சிட்டு வைக்க எந்தப் படத்தாலும் முடியாது. அம்பாறைப் பக்கம் ஒலுவிலைப் பாருங்கள். 2013 இல் துறைமுகம் திறந்தார்கள். அலைதடுப்பு மணலின் ஓட்டத்தை மறித்ததில் வாசல் மணலால் அடைபட்டது, வடக்கே கரை அரித்துக்கொண்டு போனது. கடலுக்குள் ஒரு கல்லைப் போட்டாலே பழைய படம் பழையதாகிவிடுகிறது. இப்படிப்பட்ட இடங்களை அங்கேயே இருப்பவர்கள்தான் அளக்க முடியும். ஒவ்வொரு பருவத்துக்கும் அளக்க வேண்டும்.

ஆகவே பாடசாலையில் ஒரு பெரிய கொப்பி தொடங்கியிருக்கிறோம். கடலில் இறங்கி அளப்பது பெரியவர்கள், அதுவும் கடல் அமைதியான நாட்களில் மட்டும். பிள்ளைகளின் வேலை திசைகோளைக் கோடாக்குவது, ஆழத்தை இடத்தில் எழுதுவது, பக்கத்தில் திகதியும் அளந்த முறையும் குறிப்பது. முதல் நாளிலேயே தகராறு வந்தது. மாமா சொன்ன குறிகளில் ஒன்று தனித்து நின்ற ஒரு பனை. அது சுனாமிக்கு முன்பே விழுந்துவிட்டது, அவர் இன்னமும் அது நின்ற இடத்தை மனதில் வைத்துத்தான் பார்க்கிறார். ஒரு மாணவி அந்த இடத்துக்குப் பதில் புதிய கல்லடிப் பாலத்தை எடுக்கலாம் என்றாள். அவளுடைய தாத்தா, தோணியில் உட்கார்ந்தால் பாலம் தெரியாது என்றார். கடைசியில் தண்ணீர்த் தாங்கி ஒன்றை எடுத்துக்கொண்டோம்.

வாடை அடங்கி மாசியில் கடல் படிந்ததும் வாயை மறுபடி அளக்க வேண்டும். கயிறு நனைந்து நனைந்து நீண்டுவிட்டதால் புதியது வாங்கித் துணி முடிகிற வேலையைப் பத்தாம் தரப் பிள்ளைகள் எடுத்திருக்கிறார்கள். முடியுமுன் மாமாவைக் கூப்பிட்டு, கையை விரிக்கச் சொல்லி, அளவுநாடா பிடித்தார்கள். ஒரு மீட்டர் அறுபத்தெட்டு சென்ரிமீற்றர். ஆங்கிலேயரின் ஆறு அடியைவிடப் பதினைந்து சென்ரிமீற்றர் குறைவு. அந்தப் பாரின் ஆழம் இருபது அல்ல, பதினெட்டரை மீட்டர். கொப்பியில் வாயின் ஆழங்களையும் அதே கணக்கில் திருத்திக்கொண்டிருக்கிறோம்.